மறுமொழி: லினன் பிரஸ்ஸுக்குத் தமிழ்ச்சொல், வியாழன் மாலைக்குள்

குன்னூர், மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். இங்கே ஒரு பழைய எஸ்டேட் பங்களாவின் மரச்சாமான்கள் விற்பனைக்கு வருகின்றன. பட்டியலையும், அதற்கு முன்னால் ‘பழைய சாமானைப் பார்த்து வாங்குவது எப்படி’ என்ற நாலு பக்கக் குறிப்பையும் தமிழில் கேட்டிருக்கிறார்கள். படிக்கப் போகிறவர்கள் மேட்டுப்பாளையம், கோவை வியாபாரிகளும் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களும். வியாழன் மாலை அச்சுக்குப் போக வேண்டும்.

லினன் பிரஸ் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மேல்பாதியில் இரட்டைக் கதவு, உள்ளே முன்னால் இழுக்கிற தட்டுகள். கீழ்ப்பாதி முழுக்க இழுப்பறைகள். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, துவாலை எல்லாவற்றையும் மடித்து வைப்பதற்காக 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவலாகச் செய்த சாமான். ‘துணி அலமாரி’ என்று போட்டால், கோட்டு மாட்டுகிற வார்ட்ரோபுக்கும் அதே பெயர்தான் வருகிறது. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு சொல் தாருங்கள்.

பெங்களூரு, மென்பொருள் துறை (சொந்த ஊர் கோத்தகிரி):

அக்கா, ‘லினன் பிரஸ்’ என்றே எழுதிவிடுங்கள். அலமாரி போர்ச்சுகீசியர் கொடுத்தது, சாவியும் மேசையும் அப்படியே. அவற்றை ஏற்றுக்கொண்ட தமிழ் இதையும் ஏற்கும். வியாபாரி இணையத்தில் விலை தேடினாலும் அந்தப் பெயரில்தானே தேடுவார்?

கொடைக்கானல், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

தம்பி, அலமாரி நாலு நூற்றாண்டு நம் வீட்டில் புழங்கித் தமிழானது. லினன் பிரஸ்ஸை நம்மவர் வாய் இன்னும் சொல்லிப் பார்க்கவே இல்லை. இரண்டும் ஒன்றாகுமா?

முதலில் பொருளைப் பார்ப்போம். பழைய ஒல்லாந்து வீடுகளில் இந்தப் பெயர் கொண்ட சாமான் உண்மையிலேயே அழுத்தும் பொறிதான். இரண்டு பலகை, மேலே ஒரு பெரிய மரத்திருகு. ஈரம் முழுக்கக் காயாத துணியைப் பலகைகளுக்கு நடுவே வைத்துத் திருகினால் சுருக்கம் போகும். பிறகு அந்தத் துணியை அடுக்கி வைக்கும் அலமாரிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. லண்டன் மரச்சாமான் கலைஞர் தாமஸ் சிப்பண்டேல் 1754இல் வெளியிட்ட வடிவங்களிலும் உடைகளுக்கான ‘பிரஸ்’ உண்டு, அதில் எதையும் அழுத்துவதில்லை. அயர்லாந்தில் இன்றும் சாதாரண அலமாரியை பிரஸ் என்கிறார்கள். ஆகவே ‘துணியழுத்தி’ என்று யாராவது எழுத நினைத்தால் இப்போதே விட்டுவிடுங்கள். லினன் ஆளிச் செடியின் நாரில் நெய்யும் துணிதான், ஆனாலும் அதை ஆளிநார் என்று பெயர்க்கக் கூடாது, அந்தத் தட்டுகளில் இருந்ததில் பாதி பருத்தியாகவே இருக்கும்.

நம்மிடம் துணிக்குச் சொல்லா பஞ்சம்? துணிப்பதால் துணி, துண்டாவதால் துண்டு, கூறு போடுவதால் கூறை, அறுப்பதால் அறுவை. தறியிலிருந்து வெட்டி எடுப்பதை இத்தனை வேரால் சொன்ன மொழி இது. பொருநராற்றுப்படையில் ‘அரவுரி அன்ன அறுவை’ வருகிறது, பாம்புச் சட்டை போல மெல்லிய ஆடை. சங்கப் புலவர்களில் ஒருவரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், துணி வியாபாரி. ஆனால் இன்று அறுவை என்றால் ஆஸ்பத்திரி வாடை வருகிறது, அதனால் அதை விட்டுவிட்டு துகிலை எடுக்கிறேன். துகில் + பேழை, துகிற்பேழை. லகரம் றகரமாகும், புணர்ச்சி சுத்தம், காதுக்கும் இனிமை.

குன்னூர், மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் பேழை என்றதும் ஒருவருக்கு நோவாவின் பேழை நினைவுக்கு வரும், இன்னொருவருக்குச் சவப்பேழை. பேழை என்றால் பொதுவாக மேல்மூடி திறக்கிற பெட்டிதான், கதவு வைத்த அலமாரி அல்ல. பட்டியலில் கம்பளி வைக்கும் நீளப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. பேழையை அதற்கல்லவா வைத்துக்கொள்ள வேண்டும்?

ஊட்டி, பழைய சாமான் பட்டறை:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம். எனக்கு இலக்கணம் தெரியாது, மரம் தெரியும். பேர் எதுவா இருந்தாலும் அதுல ‘தட்டு’ங்கிற சொல் இருக்கணும்னு கேட்டுக்கறேன். ஏன்னா வாங்கறவன் முதல்ல பார்க்க வேண்டியதே அந்தத் தட்டைத்தான்.

பின்னாடி காலத்துல மடிச்சு வைக்கறது போய் மாட்டற பழக்கம் வந்துச்சு. நிறையப் பேர் தட்டுகளைக் கழட்டி எறிஞ்சுட்டு உள்ள ஒரு கம்பி போட்டு வார்ட்ரோபா மாத்திட்டாங்க. கதவைத் திறந்து, பக்கப் பலகையில டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. தட்டு ஓடின தாங்குகட்டை இருந்த இடம் வெளிறின பட்டையாத் தெரியும். பட்டைக்குள்ள ஆணி ஓட்டை, அதுல மெழுகோ, ஓட்டை அடைக்கற பசையான மக்கோ அடைச்சிருக்கும். விரலால தடவினா மக்கு வழவழன்னு இருக்கும், மரம் சொரசொரப்பா இருக்கும். அந்தத் தடம் இருந்தா தட்டு போன சாமான். விலை அதுக்குத் தகுந்த மாதிரி இறங்கணும்.

அடுத்தது, மேல்பாதியைத் தூக்கி வைக்கச் சொல்லுங்க. இந்தச் சாமான் பெரும்பாலும் ரெண்டு உருப்படியாத்தான் வரும், மாடிப்படியில ஏத்தணும்ல. இந்த மலைக்கு அது இன்னும் தோது. குன்னூருக்கு ரயில் வந்ததே 1899, ஊட்டிக்கு 1908. அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் மாட்டுவண்டியிலும் ஆள் தலையிலும்தான். தூக்கின பிறகு கீழ்ப்பாதியோட தலைப்பலகையைப் பாருங்க. மேல்பாதி மூடிக்கப்போற இடத்துக்கு யாரும் நல்ல வெனீர், அதாவது மெல்லிசா சீவின மரத்தகடு, ஒட்டிப் பாலீஷ் போட மாட்டாங்க. அங்க பளபளப்பா இருந்தா அது தனியா நின்ன இழுப்பறைச் சாமான், மேல இருக்கறது வேற வீட்டுது. ரெண்டு பாதியோட முதுகுப் பலகையும் ஒரே மாதிரி வயசாயிருக்கான்னும் ஒப்பிட்டுப் பாருங்க.

இழுப்பறையை வெளிய எடுத்து மூலையில ரெண்டு பலகையும் பல்லுப் பல்லாக் கோத்து நிக்கற ‘புறாவால்’ இணைப்பைப் பாருங்க. கையால வெட்டினது ஒண்ணு போல ஒண்ணு இருக்காது, கோடு கிழிச்ச தடமும் நிக்கும். எல்லாம் ஒரே அளவா வரிசையா இருந்தா மிஷின் வேலை, 19ஆம் நூற்றாண்டுக் கடைசிக்கு அப்புறம். கைப்பிடிக்கு உள்பக்கம் அடைச்ச ஓட்டை இருந்தா கைப்பிடி மாத்தினது. உள்மரம் ஓக், பைன்னா சீமையில செஞ்சது. உள்ளேயும் தேக்குன்னா நம்ம நாட்டு வேலைன்னு நினைக்கலாம், அதுக்காக மட்டம்னு நினைக்காதீங்க. ஈட்டி மரத்துல செஞ்ச நல்ல சாமான்களும் இந்த மலையில இருக்கு. உளுத்த ஓட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு நாள் கழிச்சு கீழே புது மாவு கொட்டியிருந்தாத்தான் பூச்சி உயிரோட இருக்கு.

என் ஓட்டு ‘தட்டலமாரி’.

யாழ்ப்பாணம், பள்ளி ஆசிரியர்:

பட்டறைக்காரரின் மடலை என் வகுப்பிலேயே வாசித்துக் காட்டலாம் போலுள்ளது. எங்கள் பக்கம் ‘அலுமாரி’ என்போம், அலமாரி என்று சொன்னால் இந்தியப் பேச்சு என்பார்கள். ஆனால் தட்டு எந்த அலுமாரியில் இல்லை? புத்தக அலுமாரியிலும் தட்டுத்தான். இழுக்கிற தட்டு என்பது ‘தட்டலமாரி’யில் வரவில்லை. மடித்து வைப்பதுதான் இதற்கே உரிய குணம். ‘மடித்துணி அலமாரி’ சரிவருமா?

கொடைக்கானல், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

ஒற்றெழுத்தைக் கவனியுங்கள்! மடித்த, மடிக்கிற, மடிக்கும் துணி என்று முக்காலமும் தொக்கி நின்றால் அது வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல ‘மடிதுணி’ என்றே வர வேண்டும். ‘மடித்துணி’ என்று எழுதினால் ஆசாரத்துக்கு உடுத்துகிற மடித் துணி என்று ஆகிவிடும். ஒரு தகர ஒற்று சாமானைப் பூஜையறைக்கு அனுப்பிவிடும். வள்ளுவர் மடியின்மை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், அங்கே மடி சோம்பல். இப்படி மூன்று பக்கம் இழுக்கிற சொல் எதற்கு? துகிற்பேழைக்கு இந்த நோய் எதுவும் இல்லை.

பெங்களூரு, மென்பொருள் துறை:

ஐயா, பீரோ என்ற சொல்லே பிரெஞ்சில் முரட்டுக் கம்பளித் துணியிலிருந்து வந்தது. எழுதும் மேசை மேல் அதை விரித்தார்கள், பெயர் மேசைக்குப் போயிற்று, பிறகு அலுவலகத்துக்குப் போயிற்று, நம் ஊரில் இரும்பு அலமாரிக்கு வந்தது. யாரும் இலக்கணம் பார்க்கவில்லை. சொல் புழங்கினால் போதும்.

குன்னூர், மொழிபெயர்ப்பாளர்:

இன்னொரு சிக்கலும் முளைத்திருக்கிறது. பட்டியலில் பித்தளைப் பூண் போட்ட சீனத்துக் கற்பூரமரப் பெட்டி ஒன்று இருக்கிறது. கம்பளியைப் பூச்சி அரிக்காமல் வைப்பதற்கானது. ஆனால் இந்த மலையில் கற்பூர மரம் என்றால் யூகலிப்டஸ்தான். அப்படியே எழுதினால் தைல மரத்தில் செய்த மலிவுப் பெட்டி என்று நினைத்து வியாபாரி தாண்டிப் போய்விடுவார்.

ஊட்டி, பழைய சாமான் பட்டறை:

‘சீனக் கற்பூர மரம், சூடம் எடுக்கும் வகை’ன்னு போடுங்க அக்கா. மூடியைத் திறந்து மோந்து பார்த்தா மீதி தானா விளங்கும்.

குன்னூர், மொழிபெயர்ப்பாளர்:

அச்சகத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ‘மடிதுணி அலமாரி’ என்று போடுகிறேன், ஒற்று இல்லாமல். முதல் இடத்தில் மட்டும் ‘லினன் பிரஸ் எனப்படும், இழுதட்டுகள் உள்ள மடிதுணி அலமாரி’ என்று முழுதாக வரும். பேழை, கம்பளிப் பெட்டிகளுக்குப் போகிறது. டார்ச் அடித்துப் பார்க்கும் பகுதியைப் பட்டறைக்காரர் சொன்னபடியே குறிப்பில் சேர்க்கிறேன். ‘தட்டலமாரி’க்கு மூன்று ஓட்டு விழுந்திருந்தால் அதையே போட்டிருப்பேன், கோபிக்க வேண்டாம்.

யாழ்ப்பாணம், பள்ளி ஆசிரியர்:

‘இழுதட்டு’ நல்ல சொல். அதுவும் வினைத்தொகைதான். இழுப்பறையோடு சேர்ந்து நிற்கும்.

கொடைக்கானல், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

இழுதட்டை ஏற்கிறேன். மடிதுணியை ஏற்கவில்லை, என் மறுப்பு இந்தக் குழுவின் சேமிப்பில் இருக்கட்டும். அடுத்த பதிப்பு வரும்போது துகிற்பேழைக்கு மறுபடியும் வழக்காடுவேன். அதற்குள் ஒன்று கேட்கிறேன்: மேல்பாதி ஒரு வீட்டிலும் கீழ்ப்பாதி இன்னொரு வீட்டிலும் பிறந்த அந்தச் சாமானை ஆங்கிலத்தில் ‘திருமணம்’ என்கிறார்கள். தமிழில் அதைக் கலப்பு என்பதா, ஒட்டு என்பதா?

ஊட்டி, பழைய சாமான் பட்டறை:

எங்க பட்டறையில ‘ஜோடி சேர்த்தது’ன்னு சொல்வோம் ஐயா.