செய்மதி ஏன் கீழே விழுவதில்லை? மேலே ஈர்ப்பு இல்லையா?

டிக்கோயா டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். பத்தாம் தரத்தில் படிக்கிற ஒருவன், "லயத்துக் கூரையில் இருக்கிற டிஷ் எந்த நேரமும் ஒரே இடத்தைத்தானே பார்க்கிறது, அப்படியென்றால் அந்தச் செய்மதி வானத்தில் அசையாமல் நிற்கிறதா, நின்றால் விழ வேண்டுமே டீச்சர்" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் உடனே, "மேலே ஈர்ப்பு இல்லை, அதனால்தான் விழவில்லை" என்று சொல்லிவிட்டார்கள். விண்வெளி நிலையத்தில் ஆட்கள் மிதக்கும் வீடியோவை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். சூத்திரத்தை எழுதிப் போட்டால் பரீட்சைக்குப் போதும், ஆனால் இவர்கள் மனதில் ஒரு படம் பதிய வேண்டும் என்று எனக்கு ஆசை. எப்படிச் சொல்லலாம்?

பதுளை பௌதிகவியல்:
டீச்சர், அந்த "மேலே ஈர்ப்பு இல்லை" என்பதை முதலில் உடைத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். விண்வெளி நிலையம் இருப்பது சுமார் 400 கி.மீ. உயரத்தில். ஈர்ப்பைப் பூமியின் மையத்திலிருந்து கணக்கிட வேண்டும். நாம் மையத்திலிருந்து ஏறக்குறைய 6,370 கி.மீ. தள்ளி இருக்கிறோம், நிலையம் 6,770 கி.மீ. தள்ளி. பெரிய வித்தியாசமா? தரையில் உள்ள ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி உச்சியில் நின்றால் யாரும் மிதக்க மாட்டார்கள், கொஞ்சம் எடை குறைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வீடியோவில் ஆட்கள் மிதப்பதற்குக் காரணம், நிலையமும் அவர்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பது.

விழுந்தால் ஏன் தரைக்கு வரவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியூட்டன் மலை உச்சியில் ஒரு பீரங்கியை வைத்து விளக்கியதை நீங்கள் பீதுருதாலகால உச்சிக்குக் கொண்டு வாருங்கள், 2,524 மீற்றர் உயரம், பிள்ளைகளுக்குத் தெரிந்த மலை. அங்கிருந்து ஒரு கல்லைக் கிடையாக எறிகிறோம், காற்றே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மெதுவாக எறிந்தாலும் வேகமாக எறிந்தாலும் முதல் செக்கனில் அது விழுவது 4.9 மீற்றர்தான். ஆனால் பூமி உருண்டை. சுமார் 8 கி.மீ. போவதற்குள் தரையும் ஏறக்குறைய 5 மீற்றர் வளைந்து கீழே போய்விடுகிறது. அதாவது நானுஓயா ஸ்டேஷனிலிருந்து நுவரெலியா டவுன் வரை உள்ள தூரத்தை ஒரே செக்கனில் கடக்கிற கல், எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுக்குத் தரையும் விலகிப் போகும். விழுகிறது, விழுகிறது, ஆனால் தரையை எட்டுவதே இல்லை. ரொக்கெட்டின் பெரிய வேலையே இந்தப் பக்கவாட்டு வேகத்தைக் கொடுப்பதுதான். சும்மா உயரத்துக்குத் தூக்கி விட்டால் நேரே திரும்பி வந்துவிடும்.

கண்டி ஏ.எல். 2026:
எங்களுக்கு வகுப்பில் சொன்னது வேறு மாதிரி அண்ணா. ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, மையநீக்க விசை வெளியே தள்ளுகிறது, இரண்டும் சமம், அதனால் அப்படியே நிற்கிறது என்று. இது இன்னும் சுலபம் இல்லையா?

பதுளை பௌதிகவியல்:
தம்பி, சுலபம்தான், ஆனால் சின்னப் பிள்ளைகளைக் குழப்பிவிடும். விசைகள் சமப்பட்டு மிச்சம் பூச்சியம் என்றால் அந்தப் பொருள் நேர்கோட்டில் போக வேண்டும், வளையவே கூடாது. செய்மதி வளைந்து சுற்றுகிறதே, அதற்குக் காரணமே சமப்படாமல் இழுக்கிற ஈர்ப்புதான். செய்மதியோடு சேர்ந்து சுழல்கிறவராக நின்று கணக்குப் போடும்போது மையநீக்க விசையை எடுத்துக்கொள்ளலாம், உங்களுக்கு அது வேண்டியும் வரும். பத்தாம் தரத்துக்கு ஈர்ப்பு ஒன்றே போதும்.

ஹட்டன் டிஷ்காரன்:
டிஷ் பூட்டுவது என் தொழில், அந்தப் பையனின் கேள்விக்கு நான் சொல்கிறேன். செய்மதி நிற்கவில்லை, செக்கனுக்கு சுமார் 3 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. உயரம் கூடக் கூட ஈர்ப்பு குறையும், தேவையான வேகமும் குறையும், சுற்ற எடுக்கும் நேரம் கூடும். 400 கி.மீ.யில் இருக்கிற நிலையத்துக்கு ஒரு சுற்று சுமார் 92 நிமிடம். 35,786 கி.மீ.க்குப் போனால் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம், பூமி தன்னைத்தானே ஒரு தடவை சுற்றுகிற நேரமும் அதுதான். இரண்டும் ஒன்றாகச் சுற்றுவதால் நமக்கு நிற்கிற மாதிரித் தெரிகிறது. எந்தச் சுற்றுப்பாதையும் பூமியின் மையத்தைச் சுற்றித்தான் போக முடியும், அதனால் இப்படி ஒரே இடத்தில் தெரிகிற செய்மதியைப் பூமத்திய ரேகைக்கு மேலே மட்டும்தான் வைக்கலாம், ஹட்டனுக்கு நேர் மேலே வைக்க முடியாது. நாம் ரேகைக்கு வடக்கே 7 பாகையில் இருப்பதால், நமக்கு நேர் தெற்கே ரேகைக்கு மேலே இருக்கிற செய்மதி ஏறக்குறைய உச்சியில், கொஞ்சம் தெற்கே சரிந்து இருக்கும்; மற்றவை கிழக்கிலோ மேற்கிலோ சரிந்திருக்கும். மரம் மறைக்காத இடம் தேடும்போது நாங்கள் பார்ப்பது இதைத்தான். இந்த உயரத்தில் செய்மதிகளை வைத்து உலகம் முழுக்கத் தொடர்பு கொடுக்கலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க் பிறகு நம் நாட்டிலேயே வந்து குடியிருந்தார், அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் டீச்சர்.

டிக்கோயா டீச்சர்:
மிகவும் நன்றி, பீதுருதாலகாலக் கல்லை நாளைக்கே சொல்லப் போகிறேன். ஒரு சந்தேகம். நம் நாட்டுச் செய்மதி ராவணா 1 கீழே வந்து எரிந்துவிட்டதே. தரையை எட்டாமலே விழுகிறது என்றால் அது மட்டும் ஏன் வந்தது?

பதுளை பௌதிகவியல்:
காற்றுதான் காரணம். 400 கி.மீ.யிலும் மிக மெல்லிய காற்று இருக்கிறது. ராவணா 1 ஒரு கிலோ அளவுள்ள சின்னப் பெட்டி, 2019 ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்து விட்டார்கள், தள்ளிவிட அதில் எஞ்சின் கிடையாது. காற்று உரச உரசப் பாதை இறங்கும். இறங்க இறங்க வேகம் கூடுகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விசயம், கீழே உள்ள பாதைக்கு வேகம் அதிகம் அல்லவா. இறங்குகிற இடத்தில் காற்று இன்னும் அடர்த்தி, கடைசியில் எரிந்துவிடும். நிலையமும் இப்படித்தான் இறங்குகிறது, அதனால் இடைக்கிடை எஞ்சினைப் போட்டு மேலே தள்ளுகிறார்கள். டிஷ் பார்க்கிற உயரத்தில் இந்தக் காற்றுத் தொல்லை இல்லை. அங்கே சூரியனும் சந்திரனும் இழுத்துப் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கும், அதைச் சரிசெய்ய எரிபொருள் செலவாகும். அது முடியும் தறுவாயில், மிச்சத்தை வைத்துச் செய்மதியை இன்னும் சில நூறு கி.மீ. மேலே ஏற்றி ஒதுக்கிவிடுவார்கள்.

டீச்சர், பெப்ரவரி, மார்ச்சில் உங்கள் பக்கம் மழையும் மூடுபனியும் குறைவு. நிலையம் எப்போது வரும் என்று இணையத்தில் பார்த்து, பொழுது சாய்ந்த பிறகு பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். மின்னாமல் ஒரே சீராக நகரும் வெளிச்சம், சில நிமிடத்தில் வானத்தைக் கடந்துவிடும்.