சிங்கமும் மானும் செனட் ஆடும் பாப்பிரஸ்: நேரில் பார்த்தவர்கள் பகிருங்கள்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பாப்பிரஸ் ஏடுகள் (நாணலில் செய்த பண்டைய எகிப்தியத் தாள்கள்) என்றதும் பலருக்கும், மறுமைப் பயணத்துக்கான மந்திரங்கள் கொண்ட, அனி என்ற எழுத்தரின் 'இறந்தோர் நூல்'தான் நினைவுக்கு வரும். நானும் அதை மனத்தில் வைத்துத்தான் போனேன். ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, ஓரங்கள் சிதைந்த வேறொரு சிறு துண்டு. கி.மு. 1250–1150 காலத்தது. அதில் மனிதர்களே இல்லை.

சிங்கமும் மானும் எதிரெதிரே அமர்ந்து செனட் என்ற பலகை ஆட்டம் ஆடுகின்றன. சிங்கத்தின் வாய் அகலத் திறந்திருக்கிறது. காயைத் தூக்கிப் பிடித்திருக்கும் தோரணையைப் பார்த்தால் ஆட்டம் அதன் பக்கம்தான். நரி ஆடு மேய்க்கிறது. பூனை கோலைப் பிடித்து வாத்துகளை ஓட்டிப் போகிறது. பாலுக்குப் பூனை காவல் என்போமே, அங்கே வாத்துக்குப் பூனை காவல்! கண்ணாடிக்கு அருகே குனிந்தால் நாணல் நாரின் குறுக்கு நெடுக்கு வரிகளும், அவற்றின் மேல் தடுமாறாமல் ஓடும் கறுப்புத் தூரிகைக் கோடும் தெரிகின்றன.

இதைக் குழந்தைக் கதைப் படம் என்று கடந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து. அனியின் சுருளிலும் செனட் உண்டு. இறந்தவர் கண்ணுக்குத் தெரியாத எதிராளியுடன் ஆடுவார். மறுமையோடு தொடர்புள்ள காட்சி அது. அதே ஆட்டத்தைச் சிங்கத்திடமும் மானிடமும் கொடுத்தவர், மரபை நன்கு அறிந்த கைதேர்ந்த ஓவியர். இத்தகைய கேலிச் சித்திரங்கள் டெய்ர் எல்-மதீனாவில் நிறையக் கிடைத்திருக்கின்றன. மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர்களின் ஊர் அது. மன்னர் மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கூலித் தானியம் வராததால் வேலையை நிறுத்திவிட்டுக் கோயிலருகே போய் உட்கார்ந்தவர்கள் அவர்கள். வலியவன் எளியவனோடு ஆடும் ஆட்டம் எப்படி முடியும் என்பது அவர்களுக்குத் தெரியாததா?

மறுமொழி

அருமையாகச் சொன்னீர்கள், நண்பரே. இத்தாலியின் டூரின் எகிப்திய அருங்காட்சியகத்தில் இதன் உடன்பிறப்பைப் பார்த்தேன். எகிப்திய சித்திர எழுத்தைப் படித்தறிந்த பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் 1824இல் பார்த்த சுருள் அது. அங்கே கழுதை யாழ் மீட்டுகிறது, முதலையும் குரங்கும் பக்கவாத்தியம். எனக்கு மிகவும் பிடித்தது எலிகளின் படையெடுப்பு. எலி அரசர் நாய்கள் பூட்டிய தேரில் நின்று பூனைகளின் கோட்டையைத் தாக்குகிறார்! கோயில் சுவர்களில் பார்வோன்கள் தேரேறிப் போரிடும் அதே கம்பீரம். அந்தச் சுவர்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் ரசனை இரட்டிப்பாகும்.

ஒரு தகவல்: அதே சுருளின் இன்னொரு பகுதி முழுவதும் வெளிப்படையான ஆண் பெண் உறவுக் காட்சிகள். பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது.

மறுமொழி

இருவருக்கும் நன்றி. பாப்பிரஸின் நிறங்களுக்கு ஒளி பகை என்பதால் இத்தகைய ஏடுகளை மங்கிய வெளிச்சத்தில்தான் வைப்பார்கள். பல ஏடுகளை எப்போதும் காட்சிக்கு வைப்பதும் இல்லை. பயணச் சீட்டு எடுப்பதற்கு முன் அருங்காட்சியகத்திடம் கேட்டுவிடுங்கள்.