மறு: அன்மவுண்டுக்கு 'நீக்கு' போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கும் மென்பொருளில் 'அன்மவுண்ட்' என்பதற்கு, அதாவது வட்டிலுள்ளதை அழிக்காமல் கணினியோடு அதன் தொடர்பை மட்டும் துண்டிப்பதற்கு (தொடர்பு கொடுப்பது 'மவுண்ட்'), 'நீக்கு' என்றே இருக்கட்டும் என்று மன்னார்குடி ஐயா எழுதியிருந்தார். போன வாரம் வரை எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. தங்கை மகனுக்குக் கொடுப்பதற்காகப் பழைய மடிக்கணினியின் வட்டை அழிக்க உட்கார்ந்தேன். 'வட்டை நீக்க முடியவில்லை' என்று பிழை வந்தது. அழிக்க முடியவில்லை என்கிறது, வட்டு செத்துவிட்டது போல என்று புது வட்டுக்கு விலைகூட விசாரித்துவிட்டேன். வட்டுக்கு ஒன்றுமில்லை. அதிலிருந்தே கணினியைத் தொடங்கிவிட்டு அதையே அழிக்கப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். பிழை சொன்னது அன்மவுண்டை. டெலீட்டுக்கும் 'நீக்கு', அன்மவுண்டுக்கும் 'நீக்கு' என்றால் இப்படித்தான் ஆகும்.

'இறக்கு' சரிவராது, பதிவிறக்கத்தோடு குழம்பும். 'கழற்று' என்றால் எங்கள் திருவாரூர்ப் பக்கம் நிஜமாகவே திருப்புளியை எடுத்துவிடுவார்கள்.

என் பரிந்துரை 'மடையடை'. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். மூடியபின் வரும் கோடையில்தானே தூர்வாருகிறோம்? தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் யார் பொக்லைனை இறக்குவார்? வட்டை அழிப்பதும் தூர்வாருவதுதான், முதலில் மடையை அடைக்க வேண்டும். மடையை அடைத்ததால் ஆற்றில் தண்ணீர் வற்றிவிடாது, வயலுக்குப் பாய்வதுதான் நிற்கும். அன்மவுண்ட் செய்த வட்டிலும் கோப்புகள் அப்படியே இருக்கும். 'நீக்கு' சொல்லாமல் விட்டது இதைத்தான்.

மவுண்ட் 'மடைதிற', வட்டு வந்து இணையும் கோப்புறையான மவுண்ட் பாயிண்ட் 'மடைவாய்'. அன்மவுண்ட் செய்யப் போனால் லினக்ஸ் இயங்குதளம் 'டார்கெட் இஸ் பிஸி' என்று அடம்பிடிக்கிறதே, அதற்கு 'மடையில் இன்னும் பாய்கிறது'. ஏதோ ஒரு நிரல் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்பது சட்டென்று புரியும். (அன்மவுண்டுக்கான யுனிக்ஸ் கட்டளையில் ஓர் 'என்' எழுத்தை விழுங்கி 'யுமவுண்ட்' என்று வைத்தார்கள். நாம் எதையும் விழுங்க வேண்டாம்.)

தொடக்க வட்டை மட்டும் 'தலைமடை' எனலாமா? அதை அடைக்க வேண்டுமானால் கணினி வேறு வழியில் தொடங்கியாக வேண்டும். லினக்ஸில் யுஎஸ்பி, மேக்கில் ரெகவரி என்ற மீட்பு முறை.

ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார்:

> மடை என்றால் டெல்டாக்காரர்களுக்குத்தானே புரியும் அண்ணே?

தம்பி, 'மடை திறந்த வெள்ளம்' என்று சொல்லாத ஊர் எது? 'மடைமாற்றம்' என்று பத்திரிகைகளிலும் எழுதுகிறார்கள். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. 2019-ல் வந்த கேட்டலினா என்ற இயங்குதளப் பதிப்பு முதல் மேக்கின் தொடக்க வட்டில் இயங்குதளத்துக்கு ஒரு பகுதி, நம் கோப்புகளுக்கு ஒரு பகுதி. ஒரு பகுதியை மட்டும் அன்மவுண்ட் செய்ய ஒரு கட்டளை, வட்டிலுள்ள எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய இன்னொன்று. முன்னது 'மடையடை', பின்னது 'எல்லா மடையும் அடை' என்று வைத்திருக்கிறேன். இரண்டாவது பொத்தானுக்குள் அடங்குமா என்பதுதான் சந்தேகம்.

ஞாயிறு வரை பார்க்கிறேன். ஐயா மறுக்காவிட்டால் மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.