கோப்பி மெசின் வாங்கலாமா?

தங்கச்சி: எல்லோருக்கும் காலை வணக்கம். நல்லூர்த் திருவிழாவுக்கு சுவிஸ் சித்தப்பா ஆட்கள் வந்து எங்கள் வீட்டில்தான் நிற்கப் போகிறார்கள். அவர்கள் பாலும் விடாமல் சீனியும் போடாமல் வெறும் கோப்பிதான் குடிப்பார்கள். மெசின் ஒன்று வாங்குவோமா என்று இவர் கேட்கிறார். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

கோண்டாவில் பெரியம்மா: மெசின் ஏன் பிள்ளை? நல்ல தூளும் சுடுதண்ணியும் இருந்தால் காணும்.

ஜெர்மனி அண்ணா: பெரியம்மா சொல்வதுதான் சரி. தண்ணியைச் சூடாக்கித் தூளுக்குள்ளால் விடுவதுதான் மெசினின் வேலை. அதைக் கையாலேயே செய்யலாம். அந்தக் காசில் நல்ல தூள் வாங்கு.

ஜெர்மனி அண்ணா: இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற கோப்பி வடிதாளே ஒரு குசினியில் பிறந்ததுதான். 1908 இல் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பப் பெண், பித்தளைப் பேணியில் ஓட்டைகள் போட்டு, மகனின் பள்ளிக் கொப்பியில் இருந்த மையொற்றுத் தாளை உள்ளே வைத்து வடித்துப் பார்த்தார். அப்படித் தொடங்கியதுதான்.

தங்கச்சி: என்னிடம் தேத்தண்ணி வடிதான் இருக்கிறது. அதில் வடித்தால் கோப்பைக்கு அடியில் மண்டி நிற்கிறது அண்ணா.

ஜெர்மனி அண்ணா: பழைய பருத்தி வேட்டியில் ஒரு துண்டு வெட்டி, கஞ்சிப்பசை போக இரண்டு தரம் தண்ணியில் அவித்து எடு. அதை வடிக்கு மேலே விரி. பிறகு கழுவும்போது சவர்க்காரம் போடாதே, அந்த வாசம் துணியை விட்டுப் போகாது.

ஜெர்மனி அண்ணா: அளவு ஒரு லீற்றருக்கு 60 கிராம். ஒரு ஆளுக்கு 200 மில்லிலீற்றர் தண்ணி, 12 கிராம் தூள். தூள் ரவைப் பருமன் இருக்க வேண்டும், மா மாதிரி இருந்தால் துணி அடைத்துவிடும். தண்ணி கொதித்ததும் அடுப்பை நிறுத்தி அரை நிமிடம் பொறு. தூள் போட்ட பாத்திரத்துக்குள் விட்டு மூடி, 4 நிமிடம் வை. பிறகு கரண்டியால் ஒருக்கால் கலக்கி, மண்டி கீழே இருந்த பிறகு ஆறுதலாக வடி.

கோண்டாவில் பெரியம்மா: கொதிக்க விடாமல் கோப்பியா? நாங்கள் கேத்திலில் தூளைப் போட்டு நன்றாகக் கொதிக்க விட்டுத்தானே இறக்குவோம்.

ஜெர்மனி அண்ணா: பாலும் பனங்கட்டியும் சேர்த்தால் அது சரி பெரியம்மா. வெறும் கோப்பிக்கு அப்படிச் செய்தால் குடிக்க முடியாது. புளிப்பும் வாசமும் முதலில் இறங்கிவிடும், இனிப்பு அதற்குப் பிறகு, கசப்பு கடைசியில். கொதிக்க விட விட வாசம் ஆவியோடு போகும், கசப்பு மட்டும் கூடும்.

கோண்டாவில் பெரியம்மா: எங்கள் கோப்பித்தூளில் சேர்த்து இடிக்கிற மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) கொதிக்காவிட்டால் சாரம் இறங்காதே தம்பி.

கோப்பாய் மாமா: அக்கா, இரண்டு பேர் சொல்வதும் சரிதான். மல்லி, வேர்க்கொம்பு, மிளகைத் தனியாகக் கொதிக்க விடுங்கோ. அடுப்பை நிறுத்திய பிறகு கோப்பித்தூளைப் போட்டு மூடுங்கோ. மல்லிக்கு வேண்டிய கொதி கிடைக்கும், கோப்பியும் கருகாது.

கோண்டாவில் பெரியம்மா: அப்படியென்றால் இரண்டையும் சேர்த்து இடிக்கக் கூடாது. சரி, பின்னேரம் செய்து பார்க்கிறேன்.

சின்னம்மா: பெரியப்பாவுக்குக் கொலஸ்ட்ரோல் இருக்கிறது, அதையும் யோசியுங்கோ அக்கா. வடிக்காமல் கொதிக்க வைத்த கோப்பியில் இருக்கிற எண்ணெய்ச்சத்து அதைக் கூட்டும். தாளில் வடித்தால் பெரும்பகுதி தாளிலேயே நின்றுவிடும். துணியும் ஓரளவு பிடிக்கும்.

சின்னம்மா: பிள்ளை, திருச்சியில் இருந்தபோது வாங்கிய பில்டர் என்னிடம் இருக்கிறது. மேல் தட்டில் தூளைப் போட்டு, தடியுள்ள வில்லையால் மெல்லத்தான் அழுத்த வேண்டும். இறுக்கினால் ஒரு சொட்டும் இறங்காது. கொதிதண்ணி விட்டு மூடினால் கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுத்துக் கெட்டியாக இறங்கும். அதில் சுடுதண்ணி கலந்தால் வெறும் கோப்பி, பால் கலந்தால் எங்களுக்கு. இரண்டு விதமாகக் குடிக்கிற ஆட்கள் நிற்கிற வீட்டுக்கு இதுதான் வசதி. சிக்கரி கலக்காத தூள் வாங்கு, அவர்களுக்கு அந்தச் சுவை பிடிக்காது.

தங்கச்சி: அண்ணா சொன்ன மாதிரி இப்போது போட்டுப் பார்த்தேன். மண்டி இல்லை, தெளிவாக வந்தது. ஆனால் வாசமே இல்லை. குடித்தால் வாயில் ஒன்றும் நிற்கவில்லை. பைக்கற் தூள்தான், ஒரு மாதத்துக்கு முன் உடைத்தது.

ஜெர்மனி அண்ணா: சுடுதண்ணி விட்டதும் தூள் பொங்கி நுரைத்து மேலே எழும்பியதா?

தங்கச்சி: இல்லை. அப்படியே நனைந்து கிடந்தது.

ஜெர்மனி அண்ணா: தூள் பழசு. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைந்திருக்கும். சுடுதண்ணி பட்டதும் அது குமிழ் குமிழாக வெளியேறும், தூள் மேலே எழும்பும். எழும்பாவிட்டால் வாயுவோடு வாசமும் எப்போதோ போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு எந்த மெசினாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கோப்பாய் மாமா: எந்தத் தண்ணியில் போட்டாய் பிள்ளை? கிணற்றுத் தண்ணியா?

தங்கச்சி: ஓம் மாமா.

கோப்பாய் மாமா: அதுவும் ஒரு காரணம். எங்கட கிணறுகள் எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள்தான் இருக்கின்றன. உன் கேத்திலின் உட்பக்கத்தைத் தடவிப் பார், வெள்ளையாகக் கல்லுப் பிடித்திருக்கும். அந்தச் சுண்ணாம்புத் தண்ணி கோப்பியின் புளிப்பை அடித்துவிடும், கோப்பி சப்பென்று போகும். தேத்தண்ணிக்கு மேலே ஆடை படிவதும் இதனால்தான்.

கோப்பாய் மாமா: இரவே தண்ணியைக் கொதிக்க வைத்து மூடி வை. விடியச் சுண்ணாம்பு அடியில் படிந்திருக்கும். ஆட்டாமல் மேல் தண்ணியை மட்டும் எடுத்துத் திரும்பச் சூடாக்கு. அல்லது கான் தண்ணி மூன்று பங்குக்குக் கிணற்றுத் தண்ணி ஒரு பங்கு கலந்து பார். தனிக் கான் தண்ணியில் உப்புச்சத்து குறைவு, அதிலும் கோப்பி வெறுமையாகத்தான் இருக்கும்.

தங்கச்சி: தண்ணியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நன்றி மாமா. தூளுக்கு என்ன செய்வது?

கோண்டாவில் பெரியம்மா: மாத்தளையில் இருந்து வந்த பச்சைக் கொட்டை என்னிடம் இருக்கிறது. நான் வறுத்துத் தருகிறேன்.

கோப்பாய் மாமா: தேயிலைக்கு முதல் மலைநாடு முழுக்கக் கோப்பிதான். 1869 இல் இலைத்துரு நோய் வந்து தோட்டங்களை அழித்தது. ஆனாலும் அந்தப் பக்கம் உள்ள வீட்டு வளவுகளில் இன்றைக்கும் கோப்பி காய்க்கிறது. நல்ல கொட்டை அது.

கோண்டாவில் பெரியம்மா: இரும்புத் தாச்சியில் நடுத்தர நெருப்பில், அகப்பையை எடுக்காமல் கிண்ட வேண்டும். முதலில் பச்சை வாசம், பிறகு வறுத்த தானிய வாசம். கொட்டை படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் கவனம். அந்தச் சத்தம் அடங்கி, கடும் மண்ணிறம் வந்ததும் இறக்கி, சுளகில் பரவி விசிறி ஆற்ற வேண்டும். தாச்சியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகிவிடும். கொட்டையில் எண்ணெய் மினுங்கும் வரை நான் விடுவதில்லை.

ஜெர்மனி அண்ணா: அருமை பெரியம்மா. வறுத்து மூன்று நான்கு நாள் வைத்துவிட்டுப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

கோண்டாவில் பெரியம்மா: தெரியும் தம்பி. அவர்கள் வருவதற்கு ஒரு கிழமைக்கு முன் வறுக்கிறேன். பிள்ளை, கொட்டையாகவே தருகிறேன், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் இடித்துக்கொள். இடித்து வைத்தால் வாசம் போய்விடும். குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வைக்காதே, ஈரம் பிடிக்கும்.

சின்னம்மா: பில்டரை நான் நாளைக்குக் கோண்டாவிலில் கொடுத்து விடுகிறேன். இரண்டையும் ஒன்றாக எடுக்கலாம்.

தங்கச்சி: சரி சின்னம்மா. இவரிடமும் சொல்லிவிட்டேன், மெசின் வாங்கவில்லை. சனிக்கிழமை வரவா பெரியம்மா?

கோண்டாவில் பெரியம்மா: வா. மூடி இறுக்கமான போத்தல் இரண்டு கொண்டு வா, கழுவி வெயிலில் காய வைத்துவிட்டு. நின்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.