‘ஆப்டிகல் பிரைட்னர்’ சேர்க்காத தாள்: கலைச்சொல் வேண்டும்

சேலத்திலிருந்து:
நண்பர்களே, ஒளிப்பட மாணவர்களுக்கான அச்சுக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. சூழலுக்கு உகந்த இங்க்ஜெட் தாள்கள் பற்றிய பாடத்தில் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். 1584 முதல் தாள் செய்துவரும் ஜெர்மனியின் ஹானெமூலே ஆலை, மூங்கில் தாளில் 90% மூங்கில் நாரும் 10% பருத்தியும் சேர்க்கிறது. கற்றாழைத் தாளில் 70% கற்றாழை, மீதி பருத்தி. இரண்டிலும், தாளை இன்னும் வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ஆப்டிகல் பிரைட்னர் கிடையாது. அதைத் தமிழில் ‘வெண்மையூட்டி’ என்று எழுதினேன்; மனம் ஒப்பவில்லை. தாள் செய்யும் கூழை வெளுக்கும் மருந்தையும் அப்படித்தானே சொல்வார்கள்?

மதுரையிலிருந்து:
வீட்டிலேயே சொல் இருக்கிறது, ஐயா. வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவது எதற்கு? ‘நீலமிடாத தாள்’ என்று எழுதுங்கள், பாட்டிக்கும் புரியும்.

சேலத்திலிருந்து:
சொட்டு நீலம் சாயம். துணியின் மஞ்சளை மறைக்கிறது. இந்தப் பொருளோ கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. நேற்று வகுப்பில் விளக்கை அணைத்துவிட்டு, கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கைப் பிடித்தேன். ஜெராக்ஸ் தாள் நீலமாகப் பளீரிட்டது. பக்கத்திலிருந்த மூங்கில் தாள் மங்கிக் கிடந்தது. ஒரு மாணவியின் வெள்ளைத் துப்பட்டாவும் ஒளிர்ந்தது. சலவைத் தூளிலும் இதே சரக்குதான். நாளடைவில் இது வலுவிழந்தால் படத்தின் வெண்பகுதி மஞ்சளிக்கும். மாணவர்கள் இதைத்தான் மறக்கக் கூடாது.

தஞ்சாவூரிலிருந்து:
‘வால்’ என்றால் வெண்மை, தூய்மை. வள்ளுவர் ‘வாலறிவன்’ என்றார். 714ஆம் குறளில் வெண்சுண்ணாம்பைக் குறிக்கும் ‘வான்சுதை’யும் வால் + சுதைதான் என்பது என் கருத்து. ஆகவே ‘வாலொளியம்’. இரண்டாயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்க ஊட்டி, கூட்டி என்று ஒட்டுப்போடுவானேன்?

யாழ்ப்பாணத்திலிருந்து:
வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும். ‘வாற்சுதை’ என்றல்லவா வர வேண்டும்? மெல்லினம் வந்தால்தான் னகரம். அதை விடுவோம். ‘வாலொளியம்’ என்றால் மாணவர் மாட்டு வாலைத்தான் நினைப்பார். ‘ஒளிர்வூட்டி’ போதும்: வெளுப்பதில்லை, ஒளிர வைக்கிறது.

கோவையிலிருந்து:
ஒளிர்வூட்டிக்கு என் ஆதரவு. ஆனால் ‘சூழலுக்கு உகந்த’ என்பதையும் கொஞ்சம் பாருங்கள். நார் மூங்கிலாக இருந்தாலும் மேலே மை பிடிக்கும் பூச்சு உண்டு. தாள் கடல் தாண்டி வருகிறது. புதுச்சேரியில் பருத்திக் கந்தலிலிருந்து கையால் தாள் செய்கிறார்கள். பூச்சில்லாத தாளில் மை ஊறிப் பரவும் என்பது உண்மைதான். ஆனாலும் பாடத்தில் அந்தக் கைத்தாளுக்கு ஒரு பத்தி கொடுங்கள்.

சேலத்திலிருந்து:
பத்தியைச் சேர்த்துவிட்டேன். என்னையும் சேர்த்து மூவர் ஒளிர்வூட்டிக்கு இசைந்திருக்கிறோம். ‘ஒளிர்வூட்டி சேர்க்காத தாள்’ என்றே அனுப்புகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:
நான் இசையவில்லை. அடுத்த பதிப்பு எப்போது?