சீன மின்கார்: அப்பாவின் தயக்கத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி:
எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடும் என் அப்பா, சீன மின்கார் வாங்க நினைக்கும் என்னிடம், நம் தொழிலாளர்களின் பிழைப்பு என்னவாகும் என்று கேட்கிறார். இது வெறும் தலைமுறை இடைவெளிதானா?

பதில் 1:
அவர் கவலையை ஒதுக்கிவிடாதீர்கள். 2024-இல் சீன மின்கார்களுக்கு அமெரிக்கா 100 சதவீத வரியும், ஐரோப்பிய ஒன்றியம் வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல் 35.3 சதவீதம் வரை கூடுதல் வரியும் விதித்தது உள்நாட்டுத் தொழிலைக் காக்கத்தான்.

பதில் 2:
வரி அவகாசம் மட்டுமே தரும். 1995-இல் பேட்டரி நிறுவனமாகத் தொடங்கிய சீனாவின் பிஒய்டி, 2023-இன் கடைசிக் காலாண்டில் மின்கார் விற்பனையில் டெஸ்லாவை முந்தியதற்கு, பேட்டரியைத் தானே தயாரிப்பது முக்கியக் காரணம் என்பேன்.

பதில் 3:
மின்காரை முதன்முதலாக ஓட்டியபோது என் தாயாரின் கை, இல்லாத கியரைத் தேடித் தடவியது. பல்லாண்டு பழகிய திறமை பயனற்றுப்போகும் வலி அது. அப்பாவிடம் வாதாடாமல், சாவியை அவர் கையில் கொடுங்கள்.