நாகநந்தி யார்? (எங்கள் குடும்பக் குழு)

யாழினி: எல்லாருக்கும் வணக்கம். நவராத்திரிக்குக் கோயிலில் ஆட எங்களுக்குப் பத்து நிமிடம் கிடைத்திருக்கிறது. கல்கியின் நாவல் 'சிவகாமியின் சபதம்' செய்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். நாலு பாகத்தைப் பத்து நிமிடத்தில் எப்படி அடக்குவது?

முருகன் மாமா: அந்தப் புத்த பிக்ஷு நாகநந்தியை வில்லனாகப் போடு, முடிந்தது. காவி உடை, பாம்புப் பார்வை. கூட்டம் நடுங்கும்.

யாழினி: அங்கேதான் சிக்கல் மாமா. படிக்கப் படிக்க எனக்கு அந்த ஆள் மேல் முழுசாகக் கோபம் வரவில்லை.

சித்ரா பெரியம்மா: எப்படி வரும்? கத்தியைக் காட்டியா நாட்டியக்காரி சிவகாமியின் வீட்டுக்குள் நுழைந்தான்? அஜந்தாவின் மங்காத வர்ண ரகசியம் என்று ஆசை காட்டினான். அவள் அப்பா, சிற்பி ஆயனர், அதிலேயே விழுந்துவிட்டார். அந்த ரகசியத்தைக் கேட்டு வரத்தான் ஓலை என்று நினைத்து அதை எடுத்துக்கொண்டு பரஞ்சோதி என்ற இளைஞன் கிளம்புகிறான். ஓலையில் இருப்பதோ சாளுக்கிய ராஜா புலிகேசிக்கு நாகநந்தியின் சேதி: ராஜ்யம் உனக்கு, சிவகாமி எனக்கு!

முருகன் மாமா: ஆயனரைக் குறை சொல்லாதீர்கள் அக்கா. மகள் மேல் உயிரையே வைத்திருந்த மனுஷன்.

சித்ரா பெரியம்மா: வைத்திருந்தார், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அவள் எப்படி நின்றாலும் அவர் கண்ணுக்கு அது அடுத்த சிலை. அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று கேட்டாரா?

குமரன்: வில்லன் என்றால் என் ஓட்டு காஞ்சியை ஆண்ட பல்லவர் மகேந்திரவர்மருக்கு. சித்திரம், சங்கீதம், நாடகம் என்று எல்லாம் தெரிந்த ராஜா, அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. காதலித்த தன் மகன் மாமல்லரையும் சிவகாமியையும் பிரித்தது யார்? காஞ்சி முற்றுகை முடிந்ததும், முற்றுகையிட்ட புலிகேசியையே விருந்தாளியாக ஊருக்குள் விட்டு, அவன் முன்னால் அவளை ஆடவைத்தது யார்?

குமரன்: அப்புறம் ஒன்று, நரசிம்மவர்மன், அதாவது மாமல்லர், 642-ல் சாளுக்கியத் தலைநகர் வாதாபியைப் பிடித்தது நிஜ வரலாறு. சிவகாமியும் நாகநந்தியும் கல்கியின் கற்பனை. அறிவிப்பில் அதைக் குழப்பிவிடாதே.

செல்வி அத்தை: ஈரச்சந்தையில் நிற்கிறேன், மீன்காரர் வெட்டித் தருவதற்குள் சொல்லிவிடுகிறேன். சிவகாமியின் பிடிவாதத்தை ஏன் யாருமே சொல்லவில்லை? அவளைச் சிறைவைத்த வாதாபிக்கே மாமல்லர் மாறுவேடத்தில் வந்து கூப்பிட்டாரே. வாதாபி எரிந்த பிறகுதான் வருவேன் என்று சபதமாம் சபதம்!

யாழினி: அத்தை, அவள் நாற்சந்தியில் ஆடினாளே, மறந்துவிட்டதா? ஆடாவிட்டால் சிறைபிடித்து வந்த தமிழர் முதுகில் சாட்டை. அவர்களை அங்கேயே விட்டுவிட்டு இவள் மட்டும் ராத்திரியில் எப்படிக் கிளம்புவாள்?

செல்வி அத்தை: சரி, அது நியாயம். ஆனாலும் ஒன்பது வருஷம்டி! அதற்குள் அந்த மனுஷன் பாண்டியன் மகளைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

சித்ரா பெரியம்மா: யாழினி, வில்லன் பஞ்சாயத்தை விடு. அப்பர் பாட்டைப் பிடித்துக்கொள், 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்'. முதலில் அப்பர் முன்னிலையில் அதற்கு அபிநயம் பிடிக்கிறாள், மனசெல்லாம் மாமல்லர். கடைசியில் ஏகாம்பரநாதரையே மணாளனாக ஏற்றுக்கொண்டு ஆடும்போதும் அதே பாட்டு. மாமல்லர் கூட்டத்தில் ஒருவராக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்.

யாழினி: அய்யோ பெரியம்மா! ஒரே பாட்டு இரண்டு முறை, நடுவில் நாற்சந்தி. பத்து நிமிடம் சரியாக வரும். சாட்டைக்கு என்ன செய்வது?

சித்ரா பெரியம்மா: மேடையில் சாட்டையே வேண்டாம். தாளம் போடும் தட்டுக்கழியில் ஓங்கி ஓர் அடி. நீ அசையக் கூடாது. இன்னோர் அடி. மூன்றாவது அடிக்கு உன் கால் கிளம்பட்டும். முகத்தில் சிருங்காரம், அந்தக் காதல் பாவம், இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

யாழினி: முயற்சி செய்கிறேன். நாகநந்தி ஒரு நிமிடம் வந்தால் போதும். மாமா, நீங்கள்?

முருகன் மாமா: நானா? எனக்கு ஆடத் தெரியாதே.

யாழினி: ஆட வேண்டாம். தூணோரம் நின்று அவள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

செல்வி அத்தை: மொட்டை பிக்ஷு வேஷம், தலைக்கும் செலவில்லை 😂

முருகன் மாமா: ஒத்திகை எப்போது?

யாழினி: சனிக்கிழமை நாலு மணி, எங்கள் புளோக்கின் கீழே உள்ள வெற்றுத்தளம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாருங்கள் மாமா.